வட்டி வாங்காத கடன்

திண்டுக்கல்லுக்கு அருகே நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் ஒரு சிறு தையலகம் நடத்துகிறோம். பெண்களுக்கான பருத்தித் தொழுகை உடைகளும் நைட்டிகளும் தைக்கிறோம். எந்திரங்கள் பதினான்கு. வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்காமல், அல்லாஹ்வின் அருளால் ஒன்பது ஆண்டுகளை ஓட்டிவிட்டோம் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

எங்களிடம் தைத்துவந்த ஒரு சகோதரி, தம் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக 40,000 ரூபாய் முன்பணம் கேட்டார். உடனே கொடுத்தோம். வட்டி இல்லை, வாரம் 500 ரூபாய் கூலியில் பிடித்துக்கொள்வது என்று பேச்சு. அதைக் கர்ளன் ஹஸனா, அழகிய கடன் என்றே எண்ணினோம். நாற்பத்து மூன்று வாரங்கள் கழிந்த பின் ஒரு நாள் வந்து நின்றார். "பாய், எங்க ஊருக்குப் பக்கத்துலயே கம்பெனி வந்திருக்கு. பி.எஃப். எல்லாம் உண்டு. அங்க போயிக்கட்டுமா?" என்றார். "தாராளமாப் போம்மா, மீதி 18,500-ஐக் கட்டிட்டுப் போ" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்று எந்திரத்தில் அமர்ந்தார். நியாயமாகத்தான் பேசினோம் என்ற நிறைவோடு அன்று அஸர் தொழுதோம்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் எங்கள் அக்காவின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். "மாமா, இதுக்குப் பேரு கொத்தடிமை" என்றாள். எங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. நாங்கள் என்ன செங்கல் சூளையா நடத்துகிறோம்? யாரையாவது அடித்தோமா, பூட்டி வைத்தோமா?

அவள் சட்டத்தைக் கொண்டுவந்து காட்டினாள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பூட்டையும் சாட்டையையும் மட்டும் தேடவில்லை. முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழக்க நேர்ந்தால், அதுவும் அந்த முறைக்குள் அடங்கும். அத்தகைய கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமையையே அச்சட்டம் ரத்துசெய்கிறது. மீறினால் மூன்றாண்டுகள் வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் சொன்னாள். (அன்றிரவே கணக்கைப் பார்த்தோம். பீஸ் கணக்கில் பிசிறு வெட்டும் இரண்டு பெண்களின் கூலி, வேலை மந்தமான வாரங்களில் அந்த அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. அதை உடனே சரிசெய்தோம்.)

சட்டத்தைவிட எங்களை உலுக்கியது வேறொன்று. கடன் கொடுத்தவர் அதற்கு ஈடாக ஓர் ஆதாயத்தை நிபந்தனையாக்கினால் அது வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எச்சரிப்பதை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம்! ரூபாயில் வட்டி வாங்கவில்லை, உண்மைதான். ஒரு நல்ல தையற்காரரைச் சந்தைக் கூலியைவிடக் குறைவாக எங்களோடு கட்டிவைத்துக்கொண்டோம். அதன் மதிப்பு எந்த வட்டியையும்விட அதிகம். சுதந்திரமான மனிதனை விற்றவனுக்கும், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் கூறுவதை புகாரியில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸி அறிவிக்கிறது. இரண்டு குற்றங்களும் அங்கே ஏன் அருகருகே வருகின்றன என்று அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை.

ஜகாத் பெறுவோரின் எட்டுப் பிரிவுகளைச் சொல்லும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்திலும் அடிமை விடுதலையும் கடனாளிகளும் அடுத்தடுத்தே வருகின்றன. அந்த 18,500 ரூபாயை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டுப் பார்த்தோம். வியாபாரி புத்தி போகுமா? வராக் கடனைத் தள்ளிவிட்டு அதை ஜகாத் கணக்கில் எழுத நம் மத்ஹபில் இடமில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். எனவே எங்கள் கைப்பொறுப்பிலேயே தள்ளுபடி செய்தோம். அந்தச் சகோதரி அடுத்த திங்கட்கிழமையே புதிய வேலைக்குச் சென்றுவிட்டார். இப்போது யாருக்கேனும் கடன் கொடுத்தால் அதைக் கூலிக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. போகிறவர் போகலாம், கடன் தனி.

அதன் பிறகுதான் மேசை இழுப்பறை நினைவுக்கு வந்தது. துணி வெட்டவும் அயர்ன் செய்யவும் பீகாரிலிருந்து வந்த நான்கு இளைஞர்களின் அசல் ஆதார் அட்டைகள் அதில் கிடந்தன. "ஓடிறக் கூடாதுல்ல பாய்" என்று ஏஜென்ட் கொடுத்துச் சென்றவை. எங்கள் அத்தா வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் இருந்தவர். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்ததால், எங்கள் பாட்டியின் ஜனாஸாவுக்கு அவரால் வர முடியவில்லை. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த நாங்கள்தாம் அந்த இழுப்பறையைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தோம்.

அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தோம். ஏஜென்ட் இல்லாத நேரம் பார்த்து, தெரிந்த அரைகுறை இந்தியில் அவர்களிடம் பேசினோம். ஒவ்வொருவரும் அவருக்கு ரயில் செலவு, கமிஷன் என்று இரண்டு மாதக் கூலியைக் கடன்பட்டிருந்தனர். நாங்கள் ஏஜென்டின் கையில் கொடுத்த கூலியிலிருந்தே அவர் அதைப் பிடித்து வந்திருக்கிறார். இப்போது கூலி நேரே அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆள் கொண்டுவரும் செலவு எங்களுடையது. ஏஜென்ட் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

துணி விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. எங்கள் வட்டாரத்திலும் கொங்குப் பகுதியிலும் நூற்பாலைகள் மிகுதி. ஏழைப் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கும் 'சுமங்கலித் திட்டம்' இங்கே ஊரறிந்தது. இடையில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பினால் அத்தொகை கைக்கு வராமலே போகும். நாங்கள் தைக்கும் தொழுகை உடையின் நூல் எங்கிருந்து வருகிறது என்று மொத்த வியாபாரியிடம் கேட்டபோது, "துணிக்கும் ஜாதகம் கேக்குறீங்களா பாய்?" என்றார். விடாமல் கேட்டதில் இரண்டு விசைத்தறிக் கூடங்களைக் காட்டினார். நூல் மூட்டையின் மேலேயே ஆலையின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்த விவரம்!

ஓர் ஆலையில் எங்கள் தெருப் பெண்கள் இருவர் முன்பு வேலை செய்திருந்தார்கள். மாதாமாதம் முழுக் கூலி, விடுமுறையில் வீட்டுக்கு வரத் தடையில்லை என்றார்கள். மற்ற ஆலையின் விடுதிப் பெண்கள் ஞாயிறன்று கடைவீதிக்கு வரும்போதும் காவலாளி ஒருவர் உடன் வருகிறார். யாரோடும் நின்று பேச விடுவதில்லை. அந்த நூலில் நெய்த துணியை இனி வாங்குவதில்லை என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டோம். மீட்டருக்கு நான்கு ரூபாய் கூடியது. எங்கள் கொள்முதல் நின்றதை அந்த ஆலை அறிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை. முன்பே வாங்கிய இரண்டு பேல் துணி இன்னும் கிடங்கில் கிடக்கிறது. தைத்து விற்கலாம் என்கிறார் எங்களில் ஒருவர். வேண்டாம் என்கிறார் மற்றவர்.