தெரு கூட்டும் வண்டியின் கம்பி

பூட்டைக் கம்பியால் திறப்பது என்றாலே திருட்டு ஞாபகம்தான் வரும். அதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 1997-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள்! இவர்களிடையே விதி கறாரானது: அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது, தினமும் பயன்படும் பூட்டைத் தன்னுடையதே ஆனாலும் தொடக்கூடாது. பழுதானால் வீட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

கருவிகள் கடையில் கிடைக்கும். ஆனாலும் தானே செய்வதில்தான் பலருக்கு ருசி. 1991 தேதியிட்ட 'எம்.ஐ.டி. கையேடு' இதற்குச் சிபாரிசு செய்வது, தெரு கூட்டும் இயந்திரத்தின் பிரஷ் கம்பியை. ஸ்பிரிங் ஸ்டீல், தட்டையானது, கனமும் சரியாக இருக்கும்.

தேய்க்கும்போதுதான் பொறுமை வேண்டும். கிரைண்டரில் அவசரப்பட்டால் நுனி சூடாகி நீலமாகிவிடும். அப்புறம் அந்த விறைப்பு போச்சு, பூட்டுக்குள் வளைந்துகொள்ளும். கொஞ்சம் தேய்த்து, தண்ணீரில் முக்கி, மறுபடி தேய்க்க வேண்டும். கடைசியில் உப்புத்தாள். பிசிறு இருந்தால், நகர்ந்தது பூட்டின் பின்னா, உரசியது பிசிறா என்று விரலுக்குத் தெரியாது. எல்லாமே விரலை நம்பித்தானே!

இன்னொரு கையில் 'ட' போல வளைத்த கம்பி. அதனால் உருளையை லேசாகத் திருப்பியபடி இருக்க வேண்டும். எந்தப் பூட்டும் துல்லியமாகச் செய்யப்படுவதில்லை. அதனால் ஏதாவது ஒரு பின்தான் முதலில் இறுகும். அதைத் தூக்கினால் மெல்லிய 'டிக்'. பிறகு அடுத்தது. புதியவர்கள் பலமாக அழுத்தி எல்லாப் பின்களையும் இறுக்கிவிடுவார்கள்.

கடைசிப் பின் ஏறியதும் உருளை சட்டென்று சுற்றும். ரொம்பச் சீக்கிரம் திறந்துவிட்டால் ஏமாற்றம்தான். இன்னும் கஷ்டமான பூட்டாகத் தேடிப் போவார்கள்.