முகம் காட்டாத வெளிச்சம்

வீடியோ எடுக்கப்போகிறோம் என்றால் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது கமெராவைப் பற்றித்தான். லைட்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அப்படிக் கேட்பவரும் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழவேண்டும் என்றே கேட்பார். முகத்தில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை என்பதை மாம்புரியில்தான் நான் அறிந்துகொண்டேன்.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்த ஓர் உம்மாவின் பேச்சைப் பதிவுசெய்யப் போயிருந்தோம். எல்லாவற்றையும் சொல்ல அவர் ஆயத்தமாக இருந்தார். ஒரேயொரு நிபந்தனை. "என்ட முகம் தெரியப்படாது மகன். பேச்சு மட்டும் போனாப் போதும்."

பிறகு கணினியில் முகத்தை மங்கலாக்கலாம் என்றார் கூடவந்த தம்பி. ஆனால் மூலப்பதிவில் முகம் அப்படியே இருக்கும். அது யார் கைக்குப் போகும் என்று யாரும் பொறுப்பேற்க முடியாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பஸ்றா அறிஞர் இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கினார். கமெராவுக்கும் அதுதான் விதி. முகத்திலிருந்து ஒளி வராவிட்டால் கமெராவில் பதிவதற்கு எதுவுமில்லை. ஆகவே மறைக்கும் வேலையை லைட்டிலேயே செய்யத் தீர்மானித்தோம்.

ஆயிரம் வாட் ஹலோஜன் லைட்டைக் கிடுகுக் கூரைக்குக் கீழே கொளுத்த முடியாது. அதன் சூடு அவ்வளவு. பெட்டரியில் எரியும் சிறிய எல்.ஈ.டி. பலகை ஒன்றே போதுமாக இருந்தது. கரண்ட் போனாலும் பேச்சு அறுந்துபோகாது. வாங்கும்போது, ஒளியைக் குறைத்தால் துடிக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். மலிவானவற்றில் அந்தக் குறை உண்டு.

உம்மாவை வெள்ளைச் சுவருக்கு ஆறடி முன்னால் கதிரையில் இருத்தினோம். லைட்டை அவருக்குப் பின்னால் தாழ்வாக வைத்துச் சுவரை நோக்கித் திருப்பினோம். 2010 முதல் காற்றாலைகள் சுழலும் ஊர் அது. கிடுகு இடுக்கால் வந்த சோளகக் காற்றில் ஸ்டாண்ட் ஆடியது. அரிசிப் பையில் மணல் நிரப்பி அதன் காலில் வைத்தோம். கமெராவைத் தானியங்கியில் விட்டால் இருண்ட உருவத்தைத் தானே வெளிச்சமாக்கிவிடும். அதனால் சுவரின் வெளிச்சத்துக்கு அளவைக் கையால் நிறுத்தினோம்.

1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக, ஸ்டூடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியால் வானத்து வெளிச்சத்தை உண்டாக்கினார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. வெள்ளைத் துணி ஒளியைத் திருப்பித் தரும், கறுப்புத் துணி அதை விழுங்கும். நாங்கள் கமெராவுக்கு இருபுறமும் கறுப்புத் துணி தொங்கவிட்டோம்.

பரீட்சார்த்தமாகச் சில நிமிடங்கள் எடுத்து, மடிக்கணினியில் இருட்டுப் பகுதியை வலிந்து வெளிச்சமாக்கிப் பார்த்தோம். டிஜிட்டல் பதிவில் கறுப்பாகத் தெரியும் இடத்துக்குள்ளும் விபரம் ஒளிந்திருக்கும். கன்னத்தின் கோடு ஒன்று மெல்லத் தெரிந்தது. கதவிடுக்கால் வந்த மணலின் வெளிச்சம் அது. இடுக்கில் சாரத்தைச் செருகி மீண்டும் பார்த்தோம். இம்முறை எவ்வளவு உயர்த்தியும் எதுவும் வரவில்லை.

அதை உம்மாவிடம் காட்டினோம். கிட்டக் குனிந்து பார்த்தார். "இது நான்தான் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று சிரித்தார். பிஸ்மி சொல்லிப் பேசத் தொடங்கினார். முக்காட்டை இழுத்துவிடும் கையும், பேச்சு நின்ற இடங்களில் தாழ்ந்த தலையும் சுவரில் தெளிவாகத் தெரிந்தன.

முடிந்தபின், குரலையும் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மன்னாரிலிருந்து தான் கொண்டுவந்ததில் மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சுத்தானாம்.