மீனாட்சி ஊரில் ஃபைட்டர் மீன்கள்!

மதுரைக்கும் மீனுக்கும் இருக்கிற உறவு இன்று நேற்று வந்ததல்ல. பாண்டியர் கொடியில் மீன். ஊரை ஆளும் அம்மனின் பெயரிலேயே மீன். தாய் மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்குமாம். அதுபோல மக்களைக் கண்ணாலேயே காப்பவள் மீனாட்சி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், அதே கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது. பசியோடு வந்த நாரை ஒன்று, புனிதமான குளத்து மீனைத் தின்னக் கூடாது என்று பட்டினி கிடந்ததாம். சிவபெருமான் காட்சி கொடுத்தபோது, 'எனக்கு முக்தி கொடு. எனக்குப் பின்னால் வரும் பறவைகள் பாவம் செய்யாதிருக்க, இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் செய்' என்று வரம் கேட்டதாம். திருவிளையாடல் புராணம் சொல்லும் கதை இது.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைத் தாண்டி நடந்தால், குளத்தில் இல்லாத மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் பார்க்கலாம். வண்ண மீன் கடைகள் இல்லாத பகுதி இன்று மதுரையில் குறைவு. வாசலில் வரிசையாகச் சின்னச் சின்ன பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். நீலம், சிவப்பு, வெள்ளை என்று பட்டுப்புடவை முந்தானையை விரித்ததுபோல வால். அதுதான் 'பெட்டா'. நம்மூர்ப் பிள்ளைகள் வாயில் 'ஃபைட்டர்'.

ஒரு கடையில் நின்று கவனித்தேன். ஏழு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நீல ஃபைட்டரை விட்டு நகர மறுத்தாள். அப்பா கடைக்காரரிடம் கேட்டார்.

"அண்ணே, போன தடவை வாங்கினது பத்து நாள்ல போயிருச்சு. பாப்பா ரெண்டு நாளா சாப்பிடல. இதாவது நிக்குமா?"

"மீன் நிக்கும்ணே. நீங்க தண்ணிய எப்பிடி மாத்துனீங்க?"

"வாரா வாரம் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்தினோம்ணே."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அதான்ணே காரணம்" என்றார்.

மதுரையில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். நன்றாகப் பராமரித்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழும் மீன் இது. பத்து நாளில் அது சாவதை 'ஃபைட்டர்னாலே அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகளும் அதையே கற்றுக்கொள்கிறார்கள்.

பனையேறியின் பங்காளி

பெட்டாவின் பூர்வீகம் தாய்லாந்து. அங்கே 'பிளா கட்' என்பார்கள். கடிக்கும் மீன் என்று பொருள். 1910-ல் சார்லஸ் டேட் ரீகன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதற்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்று பெயர் வைத்தார். 2019-ல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

அது வாழும் இடம் எப்படி இருக்கும் என்று தெரிய, தாய்லாந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். வைகைப் பாசனத்தில் பச்சை விரித்த வயல், வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு, வரப்போரம் புல் மண்டிய வாய்க்கால். முழங்கால் ஆழம்கூட இல்லாத, வெதுவெதுப்பான, மெதுவாக நகரும் தண்ணீர். ஏறக்குறைய இப்படிப்பட்ட வயல் நீரிலும் சதுப்பிலும்தான் பெட்டா வாழ்கிறது.

நம் வயல்களிலும் அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒருவர் பனையேறி. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. பெட்டாவுக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்றின் அறிவியல் பெயரில் 'குபானஸ்' என்று வரும். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

இந்தக் குடும்பத்துக்கே ஒரு விசேஷம். செவுளுக்கு மேலே கூடுதலாக ஒரு சுவாச உறுப்பு இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். அதனால்தான் பாட்டிலிலும் பெட்டா உயிரோடு இருக்கிறது. 'பாட்டிலே போதும்' என்ற தவறான எண்ணமும் இதிலிருந்துதான் வந்தது. மூச்சுவிட முடிகிறது என்பதும் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதும் வேறு வேறு.

மதுரைத் தண்ணி, மதுரை வெயில்

பெட்டாவின் நோய்களில் பெரும்பாலானவை தண்ணீரிலிருந்து தொடங்குகின்றன. மீனின் கழிவும், தின்னாமல் மிச்சமான தீனியும் அழுகி அம்மோனியாவாக மாறும். தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இருந்தால், அவை அந்த விஷத்தைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிவிடும். அந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்பவை. பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அவை போய்விடும். சோப்பின் மிச்சமும் மீனுக்கு விஷம்.

மதுரைக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பல பகுதிகளில் போர்த் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. காரமும் சூடும் கூடக்கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். சித்திரை வெயிலில், ஜன்னலோர பாட்டிலில், போர்த் தண்ணீரில் இருக்கும் மீனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரம் என்றால் கடைகளில் 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து கிடைக்கும். கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம். மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகக் குறைவு.

10 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி, அலை அடிக்காத சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூடி (பெட்டா துள்ளிக் குதிக்கும்). வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். ஃபில்டர் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

24 முதல் 28 டிகிரி செல்சியஸ் பெட்டாவுக்கு இதமானது. கோடையில் தொட்டியை வெயில் படாத, காற்றோட்டமான மூலைக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டியை உள்ளே போட வேண்டாம். மார்கழிக் குளிரிலும், இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையிலும் சின்ன ஹீட்டர் தேவைப்படலாம். சூடு திடீரென ஏறி இறங்கும்போதுதான் நோய் உள்ளே நுழைகிறது.

என்ன நோய், என்ன வைத்தியம்?

*வெள்ளைப் புள்ளி:* உடம்பிலும் துடுப்பிலும் உப்புத் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும். மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும். இது ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. பத்து நாளாவது தொடர வேண்டும். ஹீட்டர் இருந்தால் சூட்டை மெதுவாக 29, 30 டிகிரிக்கு உயர்த்தலாம். உப்பும் உதவும்.

*வெல்வெட்:* பொன்தூள் தூவியதுபோல மஞ்சள் படலம். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால்தான் தெரியும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கும். இந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கக் கூடியது. அதனால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவதும் வைத்தியத்தின் ஒரு பகுதி. வேகமாகக் கொல்லும் நோய் இது. இதற்கான மருந்தைக் கடையில் கேட்டு உடனே தொடங்க வேண்டும்.

*துடுப்பு அழுகல்:* வால் ஓரம் கறுத்தோ, சிவந்தோ, நைந்துபோகும். அழுக்குத் தண்ணீர்தான் முதல் காரணம். ஆரம்ப நிலையில் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே வால் மீண்டும் வளரும். கூரான பிளாஸ்டிக் செடியில் சிக்கியும் வால் கிழிந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

*வயிறு உப்பல்:* பெரும்பாலும் அதிகத் தீனியால் வரும். மீன் ஒருபக்கம் சாயும், மேலேயே மிதக்கும். ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டால் பல மீன்கள் தேறிவிடும். பெட்டாவின் இரைப்பை அதன் கண் அளவுதான். வேளைக்கு இரண்டு மூன்று குருணை, நாளைக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் வேண்டாம்.

*செதில் தூக்கல்:* உடம்பு வீங்கி, மேலிருந்து பார்த்தால் செதில்கள் முள்முள்ளாக நிற்கும். உள்ளுறுப்புகள் பழுதாகிவிட்டதன் அறிகுறி. இந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. தனியே பிரித்து, சுத்தமான தண்ணீரில் அமைதியாக வைக்கலாம். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

சமையலறை உப்பும் பாதாம் இலையும்

முதலுதவிக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது, அயோடின் சேர்க்காத கல் உப்பு. ஒரு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். தனியே கரைத்து, ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் வேண்டாம். உப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

கடைகளில் கிடைக்கும் நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. 1876-ல் சாயமாகப் பிறந்து, 1891-ல் மனிதர்களின் மலேரியாவுக்கே கொடுத்துப் பார்த்த பழைய மருந்து. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் கேட்கும். ஆனால், தொட்டியின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அதனால் தனி டப்பாவில், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி மட்டும் பயன்படுத்துங்கள்.

மதுரையில் பள்ளிக்கூட வளாகங்களிலும் தெருவோரங்களிலும் குடை விரித்து நிற்கும் பாதாம் மரத்தின் காய்ந்த இலையையே ஆன்லைனில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! தானாக உதிர்ந்த, பழுப்பான, மருந்து அடிக்காத இலையைக் கழுவிப் போட்டால், தண்ணீர் லேசான டீ நிறமாகும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் கிருமிகளைக் கொஞ்சம் தடுக்கும். மீனும் பதற்றம் தணிந்து இருக்கும். ஆனால், முற்றிய நோயை இலை மட்டும் குணமாக்காது.

செய்யக் கூடாதது ஒன்று: நமக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது. அளவு தெரியாது, நோய் எதுவென்றும் தெரியாது. மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம்; அந்தத் தண்ணீர் கடைசியில் நம் சாக்கடைக்குத்தான் போகும். தீனிக்காகச் சாக்கடைப் புழுவை வாங்குவதும், கொசுப்புழுவுக்காக வாளியைத் திறந்து வைப்பதும் வேண்டாம். முன்னது மீனுக்கு நோய் தரும்; பின்னது நமக்கு டெங்கு தரும்.

புது மீன் வாங்கினால் இரண்டு வாரம் தனியே வையுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். இரண்டு ஆண் ஃபைட்டர்களைச் சேர்த்துச் சண்டைவிட்டு வேடிக்கை பார்ப்பது கொடுமை. விலங்குகளை அப்படி மோதவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

தெப்பக்குளத்தில் விடாதீர்கள்

மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் படிகளில் காற்று வாங்க உட்கார்ந்தால், தண்ணீருக்குப் பொரி போடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். நோயில் கிடக்கும் மீனை இப்படிப்பட்ட குளத்திலோ, கண்மாயிலோ, வைகையிலோ விட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது புண்ணியம் இல்லை. தொட்டியின் கிருமியும் கூடவே போகும். அங்கே பனையேறியும் விராலும் கெளுத்தியும் இருக்கின்றன. தொட்டி துடைக்க வாங்கி, வளர்ந்ததும் வெளியே விட்ட 'டேங்க் கிளீனர்' மீன்கள் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பது இப்படி ஆரம்பித்ததுதான். இறந்த மீனையும் தண்ணீரில் போடாமல் பூந்தொட்டி மண்ணில் ஆழமாகப் புதையுங்கள்.

பெட்டா வாங்கிய வீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். காலையில் தீனி போடும்போது ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஓடி வருகிறதா? துடுப்பு விரிந்திருக்கிறதா? நிறம் மங்கியிருக்கிறதா? வயிறு வீங்கியிருக்கிறதா? தண்ணீரில் வாடை வருகிறதா? இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் அன்றே தண்ணீரைக் கவனித்தால், மருந்துக்கே வேலை இருக்காது.

ஆண் பெட்டாவும் அதைத்தான் செய்கிறது. நுரையால் கூடு கட்டி, முட்டைகளை அதில் ஒட்டிவைத்து, தவறி விழும் முட்டையை வாயால் கவ்வி மேலே சேர்த்து, குஞ்சு நீந்தும்வரை கண்ணை எடுக்காமல் காவல் நிற்கிறது. கண்ணால் காப்பவளின் ஊரில் இருக்கும் நமக்கு, ஒரு நிமிடப் பார்வை பெரிய வேலை இல்லையே!