தேங்காய் எழுந்து நின்ற இடம்

"தம்பி வீட்டு போர் விஷயம் என்ன ஆச்சு?" என்று நிறைய பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன சித்திரையில் தம்பி தன் சாயப்பட்டறைக்குப் பின்னால் போர் போட்டான். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்தவர், அது எழுந்து நின்ற இடத்தைக் காட்டினார். 600 அடி. புழுதிதான் வந்தது. தம்பி சம்சாரத்தின் ஆரம் அடகுக் கடைக்குப் போனதுதான் மிச்சம். பட்டுநூலில் பசை எடுக்க, சாயம் தோய்க்க, அலச, எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் வேண்டுமே! இன்னொரு போர் போட என் பென்ஷன் பணத்தைக் கேட்டான்.

அந்த நேரம் பார்த்து, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள். ராஜீவ் காந்தி தேசியக் குடிநீர்த் திட்டத்துக்காக, ஹைதராபாதில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் தயாரித்த நிலத்தடி நீர் வரைபடத்தை இஸ்ரோவின் புவன் தளத்தில் காட்டினாள்.

"பூமிக்குள்ளே இருக்கிற தண்ணி மேலேருந்து தெரியுமாடி?"

"தெரியாது டீச்சர். தடயம்தான் தெரியும்."

நம் ஊர்ப்பக்கம் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பு போகும் இடம் மேலிருந்து நேர்கோடாகத் தெரியுமாம். அகச்சிவப்புப் படத்தில் பச்சைச் செடி சிவப்பாகத் தெரிகிறது, வேடிக்கைதான். பாறை, சரிவு, மண், ஓடை எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையும் உண்டாம். நாங்கள் ரேங்க் கார்டு போட்ட மாதிரியேதான். கமண்டல நாகநதிக் கரையோர மணலுக்கு நல்ல மார்க். தம்பி இடம் சுமார்.

"எங்கே தோண்டணும்னு சொல்லும்மா" என்றான் தம்பி.

அது 1:50,000 அளவுப் படம். அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். அவன் கொல்லையே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். புள்ளி குறிக்க மின்தடை ஆய்வுதான் வேண்டும் என்றாள். தரையில் கம்பிகள் நட்டு, மின்சாரம் விட்டு அளந்தார்கள். 60 அடி வரை சிதைந்த பாறை, அதற்குக் கீழே ஒரே பாறை. ஆய்வு செய்தவர் போர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குப்பை கொட்டிக் கிடந்த எங்கள் தாத்தா காலத்துக் கிணற்றைக் காட்டினார்.

என் பணத்தில் அதைத் தூர் வாரினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு நான்கு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கிறது. கோடையில் எப்படியோ, பார்க்கவேண்டும். ஆரம் இன்னும் கடையில்தான்.

தேங்காய்க்காரர் போன வாரம் எதிரே வந்தார். "தண்ணி வந்துடுச்சாமே டீச்சர்?" என்றார். "வந்துடுச்சு. நீங்க காட்டின இடத்திலேருந்து பத்து அடி தள்ளி" என்றேன்.