மோகனசுந்தரத்துக்கு இன்றைய பேப்பர்

எம்.ஆர். ராதா 1907-இல் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில். அதே பேட்டையில், பறக்கும் ரயில் சத்தம் கேட்கிற ஒரு மொட்டைமாடியில் ‘ரத்தக்கண்ணீர்’ ஒத்திகை என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ராதா குரல் யாருக்கு வருது?” வருகிறவர்கள் ஏராளம். ராதா நடித்த கதாநாயகன் மோகனசுந்தரம் வேஷத்துக்கு அவர்களை நான் எடுப்பதில்லை.

இதையே 1954-இல் கிருஷ்ணன்–பஞ்சு எடுத்த படம் இருப்பது எங்களுக்கு வசதி, இடைஞ்சலும் அதுதான். திருவாரூர் தங்கராசு எழுதிய இந்த நாடகத்தை ராதா மேடையேற்றிய நாட்களில் மோகனசுந்தரத்தின் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். காலையில் பேப்பரில் வந்த சங்கதி ராத்திரி மேடையில் உதை வாங்கும். படத்தில் அந்த வாய் ஒரே பேச்சோடு நின்றுவிட்டது. தாசி காந்தாவை ராதா கூப்பிடுகிற தொனியை இன்று கல்யாண வீட்டில்கூடச் செய்துகாட்டுகிறார்கள். யாருக்கும் சுருக்கென்று தைப்பதில்லை.

அதனால் எங்கள் பிரதியில் சில பக்கங்கள் காலி. மோகனசுந்தரமாக நடிப்பவர் அன்றைய பேப்பரில் ஏதாவது இரண்டு செய்தியை எடுத்துக்கொள்வார். எதை என்று சகநடிகர்களிடம் சொல்லக்கூடாது. பேச்சை முடிக்கிற கடைசி வாக்கியம் மட்டும் நிலையானது. காந்தாவாக நடிப்பவர் அதைப் பிடித்து அடுத்த வசனத்துக்குப் போகவேண்டும். கேட்க எளிது. கைதட்டல் விழுந்துவிட்டால் நடிகருக்கு அந்த வாக்கியத்துக்கு வர மனசே வராது!

பிரதியை வாங்கிப் பார்க்கவும் நாடகத்தைத் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்த நாடகச் சட்டம் வந்ததும் படம் வந்த அதே 1954-இல்தான். ராதாவை மனதில் வைத்தே கொண்டுவந்தது என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஏட்டில் இல்லாததைப் பேசுகிறவரிடம் ஏட்டைக் கேட்டு வாங்கி என்ன செய்வது? ‘பரீக்ஷா’ நாடகக்குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது.

சட்டம் போனாலும் பிரதியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒழுக்கம் கெட்டவனுக்குத் தண்டனையாகக் குஷ்டம் வருகிறது. ராதா இந்த நாடகத்தை நடத்திய காலத்துக்குச் சற்று முன்புதான் செங்கல்பட்டுத் திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் குஷ்ட நோயாளிகளுக்கு டாப்சோன் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். நோயை மாற்றினால் கதையே சரிந்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. அருவருப்பை ஊட்டுகிற ஒப்பனையை மட்டும் எடுத்துவிட்டேன். கட்டு இல்லை, புண் இல்லை. உடனிருப்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். பயம் சுற்றி இருப்பவர்களுடையது என்று தெரிந்தால் போதும்.

கடைசிக் காட்சியில் மோகனசுந்தரம் தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். அன்றைய சபையைப் புரட்டிப்போட்டிருக்கவேண்டிய இடம். போன வாரம் சந்திராவாக நடிக்கும் பெண் கேட்டாள்: “சார், இவங்க ரெண்டு பேரும் முடிவு பண்றாங்களே, என்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?”

தங்கராசுவின் வசனத்தில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. மோகனசுந்தரம் சந்திராவின் கையைப் பாலுவின் கையில் வைக்கும்போது அதை உருவிக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதை அந்தந்த ராத்திரி அவளே தீர்மானிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பாலுவாக நடிப்பவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை.