விளிம்பில் இருந்த பெயர்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



நம் ஊர்ப்பக்கம் சில வீடுகளில், டிரங்குப் பெட்டிக்குள் பழைய வெள்ளிக்காசு மாதிரி ஒரு சாமான் கிடக்கும். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற எண்கள். மேலே நாடா கோக்க ஒரு கம்பி. அது காசு இல்லை. முதல் உலகப்போருக்குப் போனவர்களுக்கு வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுத்த மெடல். ராஜா, ஐந்தாம் ஜார்ஜ். பட்டாளத்துக்காரர்களுக்கு வெள்ளி, கூலிப்படையில் போனவர்களுக்கு வெண்கலம்.

எங்கள் ஆச்சியிடமும் ஒன்று இருக்கிறது. அது யாருடையது என்று நாங்கள் கண்டுபிடித்த கதையைத்தான் எழுதுகிறேன்.

தம்பிக்குக் காது குத்து வந்தது. அரைஞாண் செய்ய வெள்ளி வேண்டும். இதை உருக்கிவிடலாம் என்றார் அப்பா. வெள்ளி விற்கிற விலையில் அவர் சொன்னதும் நியாயம்தான். "அது எங்க தாத்தா சாமான்லா"ன்னு ஆச்சி சொன்னாங்க. "உங்க தாத்தாதுன்னு என்ன அத்தாட்சி இருக்கு அத்தை?" என்று அப்பா கேட்டார். ஆச்சி ஒன்றும் பேசவில்லை.

ஆச்சி பேசாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவங்க பிறந்த வீட்டுக்கு ஊரில் 'தேனீக்காரன் வீடு' என்று பட்டப்பெயர். பட்டாளத்துக்குப் போன தாத்தா, சண்டையில் தேனீ கொட்டி ஓடி வந்துவிட்டார் என்று கேலி. "குண்டுக்குப் பயப்படலியாம், ஈக்குப் பயந்தாராம்" என்பார்களாம். சின்னப் பிள்ளையில் இதற்காக ஆச்சி எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்காங்க.

நான் மெடலை எங்கள் சமூக அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் ராஜாவையும் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. நேரே விளிம்பைப் பார்த்தார். "யாருக்குக் கொடுத்தாங்களோ அவங்க விவரம் இங்கதான் இருக்கும்" என்றார். ஆய்வகத்துப் பூதக்கண்ணாடியை வைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தோம். பொடி எழுத்துகள் தெரிந்தன. முதலில் ஒரு எண், பிறகு சிப்பாய் என்ற பதவி, பிறகு ஒரு பெயர், கடைசியில் 63 என்ற எண்ணும் எல்.ஐ. என்ற எழுத்துகளும்.

பெயர் இங்கிலீஷில் தாறுமாறாக இருந்தது. வீட்டில் போய் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆச்சி திடுக்கிட்டு, "ஏ பிள்ள, அது எங்க அண்ணன் பேருல்லா!" என்றாங்க. தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு இடுவார்கள் அல்லவா! (வீட்டுப் பெரியவர் பெயரைச் சுவரில் ஒட்டக்கூடாது என்று ஆச்சி சொன்னதால் இங்கே எழுதவில்லை.)

ஆனால் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே பேர்ல பத்துப் பேர் இருப்பாங்க. இன்னொரு அத்தாட்சி வேணும். 63 என்னன்னு பார்ப்போம்" என்றார்.

63 என்பது ஒரு படைப்பிரிவு. பெயரைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம். 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி! நம் பாளையங்கோட்டைதான். 1903-ஆம் ஆண்டு அதற்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படை எங்கே போனது என்று டீச்சரும் நானும் தேடினோம். 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலில் கிளம்பி, நவம்பர் 2-ஆம் தேதி ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்துக்குப் போயிருக்கிறார்கள். இப்போது அது டான்சானியா நாட்டில் இருக்கிறது. அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. ஆங்கிலேயர் பக்கம் சுமார் 8,000 பேர். ஜெர்மானியர் பக்கம் சுமார் 1,000 பேர்தான். அப்படியும் ஆங்கிலேயர் பக்கம் தோற்றுவிட்டது. அடுத்த வரியை வாசித்ததும் நான் கத்தியே விட்டேன். அந்தப் போருக்கு 'தேனீக்களின் போர்' என்று பெயர்!

காட்டு மரங்களில் இருந்த தேன்கூடுகள் துப்பாக்கிச் சூட்டில் கலைந்து, தேனீக்கள் இரண்டு பக்கத்துக்காரர்களையும் கொட்டியிருக்கின்றன. ஜெர்மானியர்கள் கயிறு கட்டித் தேனீக்களை ஏவிவிட்டார்கள் என்று கூட அப்போது பேசிக்கொண்டார்களாம். அது உண்மை இல்லை. தேனீ கொட்டியது உண்மை.

பெயரும் சரி, படையும் சரி, தேனீயும் சரி. டீச்சர் "இப்போ ஒத்துக்கறேன்" என்றார்.

ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது. 63-ஆவது படை நிற்காமல் ஓடிவிட்டது என்று. இதை ஆச்சியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டீச்சர் முழுவதும் படிக்கச் சொன்னார். அவர்கள் பதினைந்து நாளுக்கு மேல் கப்பலில் கிடந்து களைத்தவர்கள். முன்னால் இயந்திரத் துப்பாக்கி, தலைக்கு மேல் தேனீ. வந்தவர்களில் 800-க்கும் மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் போனார்கள். தோல்விக்காகத் தளபதி எய்ட்கனைத்தான் பதவியிலிருந்து எடுத்தார்கள். ஆனால் நம் ஊரில் கேலி சிப்பாய்க்குத்தான்.

எல்லாவற்றையும் ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மெடலையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. பிறகு, "ஓடி வந்தாரு, அதனாலதான் நீயும் நானும் இருக்கோம். தேனீ நெசந்தானே, அது போதும்" என்றாங்க.

திரும்பி வராதவர்களையும் நாம் நினைக்க வேண்டும். அந்தப் போருக்கு அன்றைய இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். ஈராக்கில் பஸ்ரா என்ற ஊரில் பெரிய நினைவுச்சின்னம் கட்டி, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். நம் சிப்பாய்களுக்கு இந்தப் படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்தான். இது தவறு என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ஆம் ஆண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் இல்லாத பெயர் இந்தச் சின்ன விளிம்பில் இருக்கிறது. உருக்கினால் அதுவும் போய்விடும்.

அப்பா மெடலை உருக்கவில்லை. தம்பிக்கு இப்போதைக்குக் கறுப்புக் கயிறுதான். அறுவடை முடிந்ததும் அரைஞாண் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

தோழர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் புளி போட்டோ திருநீறு போட்டோ தேய்க்காதீர்கள். எழுத்து தேய்ந்துவிடும். விளிம்பில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதி டீச்சரிடம் கொண்டு வாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் கூடவே எழுதுங்கள். சிரிப்பு வருகிற கதையாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்!