சட்டையின் நிறம்

பெக்கி ஹாமன் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 1977இல் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஆறங்குலம்; கூடைப்பந்தில் இது உயரமே அல்ல. 2007இல் அமெரிக்க தேசிய அணித் தேர்வுக்கான முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மாஸ்கோவின் சிஎஸ்கேஏ குழுவுக்கு ஆடப் போனார். 2008இல் ருஷ்யப் பிரஜை. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் ருஷ்யச் சட்டை. இது தேசபக்தி அல்ல என்றார் அமெரிக்கப் பயிற்சியாளர் ஆன் டோனவன். அரையிறுதியில் அமெரிக்கா 67-52 என்று வென்றது. ருஷ்யாவுக்கு வெண்கலம்.

என்னை உறுத்துவது அந்தத் தீர்ப்பின் சௌகரியம். முதலில் கூப்பிட மறந்தவர்கள், போன பிறகு விசுவாசம் கேட்கிறார்கள். பணமும் ஒரு காரணம்தான். அமெரிக்கப் பெண்கள் லீகைவிட ருஷ்யா அதிகம் கொடுத்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? வங்கியில் நாள் முழுக்க பிறர் பணத்தை எண்ணி, அந்தச் சம்பளத்தில் கவிதை விமர்சனம் எழுதுகிறவன் நான். கூலிக்கும் நேர்மைக்கும் ஜன்மப்பகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கே விமர்சகனிடம் கேட்கப்படும் முதல் கேள்வியும் 'நீ எந்தப் பக்கம்?' என்பதுதான். கவிதை அப்புறம். சட்டையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆட்டம் கண்ணில் படுவதில்லை.